திறக்காத தெர்மோஸ்டாட்

ரகுநாதன் தம் வாழ்நாளில் முதன்முறையாக, ஒரு பொருளைக் கெட்டதாகப் பார்த்து வாங்குவது என்று தீர்மானித்தார்.

மகள் ராணிக்குப் போன மாதம் திருமணமாயிற்று. மாப்பிள்ளை முன்னரே ஜபல்பூர் சென்று வீடு பார்த்துவிட்டார். வியாழக்கிழமை காலை, ஆவடிக் குடியிருப்பிலிருந்து அப்பாவின் பழைய காரில் சென்ட்ரலுக்குப் போய், அவள் ரயிலேற வேண்டும். அந்தக் கார் கொரட்டூர் ஏரியருகே கொதித்து நின்றுவிட்டால்? ரயில் போய்விடும். அடுத்த டிக்கெட் கிடைக்கும்வரை மகள் வீட்டில் இருப்பாள்.

பூந்தமல்லியில் பழைய உதிரிபாகம் விற்கும் அமீருதீன் வியந்து நின்றார்.

"மெட்ராஸ் வெயிலுக்கு இந்த தெர்மோஸ்டாட்டு இன்னாத்துக்குன்னு அல்லாரும் கயட்டிப் போட்டுட்டு ஓட்டிக்கினு கீறாங்கோ. நீ செத்ததைக் கேக்குறியே! இஞ்சின் சூடானா இது தொறக்கணும், அப்பத்தான் ரேடியேட்டர் தண்ணி ஓடும். இது தொறக்காது சார்!"

"அதுதான் வேணும்."

"பைத்தியமா சார் நீ?"

"பொண்ணைக் கட்டிக் குடுத்திருக்கேன், பாய்."

அமீருதீன் பழைய டப்பாவைக் கிளறி, செத்த ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

புதன்கிழமை ரகுநாதன், காரிலிருந்து கழற்றியதையும் வாங்கி வந்ததையும் பால் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டார். காரினுடையது மெல்ல வாய் திறந்தது. அவர் முகம் வாடிற்று. மற்றது இறுக மூடியே கிடந்தது; அவர் முகம் மலர்ந்தது.

"என்னங்க இது, என் பால் பாத்திரத்துல?" என்று வந்து நின்றாள் மனைவி லோகநாயகி.

"எது நல்லதுன்னு பார்க்கிறேன். நாளைக்குப் பொண்ணு ரயிலைப் பிடிக்க வேணாமா?"

"எது நல்லது?"

"இதோ, இது."

"இது வாயே திறக்கலையே?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது."

"இத்தனை வருஷமா எனக்கு என்னதான் புரிஞ்சிருக்கு! போய்க் கையைக் கழுவிட்டு வாங்க. உங்க நல்லதைத் துடைச்சு வைக்கிறேன்."

ஆறிவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அவள் துடைத்துக் கொடுத்ததை அவர் காரில் பொருத்தினார்.

வியாழக்கிழமை கார் அம்பத்தூரைக் கடந்தது. வெப்பம் காட்டும் முள் நடுவிலேயே நின்றது. கொரட்டூர் ஏரி வந்தது. ரகுநாதன் எதிர்பார்த்த ஆவி வரவில்லை. ஏரியும் பின்னால் போயிற்று.

"வண்டி அருமையா ஓடுதுப்பா! எனக்காகவா சரி பண்ணினீங்க?" என்றாள் ராணி.

"ஆமாம்மா" என்றார் ரகுநாதன்.

ரயில் உரிய நேரத்தில் புறப்பட்டது.

மகளை ஏற்றிவிட்டு ரகுநாதனும் மனைவியும் காரில் திரும்பினார்கள். கொரட்டூர் ஏரியருகே லோகநாயகி வண்டியை நிறுத்தச் சொன்னாள். முந்தானையால் முகத்தை நெடுநேரம் துடைத்துக்கொண்டாள்.

"நீதானே மாத்திக் குடுத்தே? உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் ரகுநாதன்.

"நல்லது திறந்ததைப் பார்த்து யாராவது முகம் வாடுவாங்களா?"

கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"வீட்டுக்குப் போனதும் இதையே மாட்டிக்குங்க. இனிமே நாம எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியதில்லை."