எச்சிலில் தெரிந்த சாபம்

1958ஆம் ஆண்டு பிப்ரவரி மூன்றாம் நாள், திங்கட்கிழமை, புனித பிளாசின் திருநாளன்று, பராகுவே நாட்டின் பராகுவாரி நகருக்கு அடுத்த எங்கள் ஊர் மக்கள் கோயில் முற்றத்தில் ஒழுங்காக வரிசையில் நின்று எச்சில் துப்பினார்கள். அதைத் தட்டில் ஏந்தியவர் குறிசொல்லி எவாரிஸ்தோ. தொண்டைக்குக் காவலரான புனிதர் 'என் தொண்டை வழியாகவே பேசுகிறார்' என்பது அவர் கூற்று. புனிதர் மறுக்கவில்லை, அவர் மரத்தால் ஆனவர்.

எச்சில்மேல் பழுப்பு நிற 'அருள்நீர்' ஒரு சொட்டு விழும். கறுத்தால் சாபம். மந்திரித்த நாரத்தைச் சாற்றை அவர் பிழிந்தால் கறுப்பு மறையும். காணிக்கைக் கோழி கைமாறும்.

ஊரே கறுத்தது. பாதிரியாரும் கறுத்தார். திருநாளன்று மரவள்ளி மாவில் சுட்ட சிப்பாவைத் தின்னாத வாய் இந்த நாட்டில் உண்டா என்று எவரும் கேட்கவில்லை. வாயில் சிப்பா இருந்தது.

கறுக்காதவன் மாட்டுத் திருடன் சிரிலோ ஒருவனே. காவல் நிலையத்திலிருந்து தப்பி வந்த அவன், திருடிய பன்றிக் கொழுப்பு வறுவலைத் தவிர வேறெதையும் உண்டிருக்கவில்லை. பெண்கள் அவன் கையை முத்தமிட்டார்கள்.

சனிக்கிழமை மணமாகவிருந்த நிமியாவின் எச்சில் தார்போல் கறுத்தது. இதற்கு நாரத்தை போதாது, பசு வேண்டும் என்றார் எவாரிஸ்தோ. அவள் வீட்டில் இருந்தது ஒரே பசு. மாமியாராக வரவிருந்த எர்மெலிந்தாவோ, சாபம் நீங்காமல் திருமணம் இல்லை என்று மகனைப் பிடித்திழுத்தார்.

நிமியா தட்டை முகர்ந்து பார்த்தாள். சென்ற வாரம் தம்பியின் புண்ணுக்குப் போட்ட அயோடின் மணம். அன்று கஞ்சி போட்ட அவள் பாவாடையில் அது சிந்தி, இதே கறுப்பு படிந்திருந்தது.

"உங்க எச்சிலையும் பாப்போமே, ஐயா."

"நான் விரதம், மவளே. என் வாய் சுத்தம்."

"அப்ப காலர்?"

அவர் விலகுமுன் அவள் அருள்நீர்ப் புட்டியை அதன்மேல் சாய்த்தாள். மரவள்ளிக் கஞ்சியில் விறைத்து நின்ற வெள்ளைக் காலர் கன்னங்கரேலென்று ஆயிற்று.

"காலருக்கு யாரு கண்ணு வெச்சா?"

அவளுடைய சாபம் தம்மீது தாவிவிட்டதாக எவாரிஸ்தோ முனகினார். நிமியா புனிதருக்குப் படைத்த சிப்பாவில் ஒரு சொட்டு விட்டாள். அதுவும் கறுத்தது. பின் வாயை நன்றாகக் கொப்பளித்து, சிரிலோவிடம் ஒரு வறுவலை வாங்கி மென்று துப்பினாள். சொட்டு பழுப்பாகவே நின்றது.

"மாவு பட்டா கறுக்குது, கொழுப்பு பட்டா கறுக்கல. இதுல பாவம் எங்க இருக்கு, அத்தே?"

எர்மெலிந்தா மகனின் கையை விட்டார். பிறகு எவாரிஸ்தோவின் பக்கம் திரும்பினார்.

"என் கோழியக் குடு."

அன்று மாலைக்குள் முடிவானவை: திருமணம் குறித்த சனிக்கிழமையே நடக்கும். பசு தொழுவத்திலேயே இருக்கும். கோழிகள் உரியவர்களிடம் சேரும். எவாரிஸ்தோ காலரோடு ஊரைவிட்டுப் போவார். புனிதர் சிரிலோ காவல் நிலையத்துக்குத் திரும்புவார். கேட்டவர்க்கெல்லாம் வாயைத் திறந்து காட்டிய ஊர், இனியேனும் துப்புவதற்கு முன், தின்றது என்ன என்று சிந்திக்க வேண்டும்.