மூக்கு டாக்டரின் புகைச் சண்டை

திருநெல்வேலி ஜில்லாவிலேயே அதிகம் சண்டை போட்ட மனிதர் எங்கள் மூக்கு டாக்டராகத்தான் இருப்பார். மயக்க ஊசி போடுவது அவர் தொழில். சண்டை போடுவது சுபாவம். தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் நான் நர்ஸாக இருந்தேன். ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் மயக்கம் கொடுத்துவந்த அவர், எங்களிடம் வந்தால் முதலில் நோயாளியைப் பார்க்க மாட்டார். எங்கள் மூக்கைப் பார்ப்பார்; அதனால் வந்த பெயர்தான் அது.

முகமூடி மூக்குக்குக் கீழே இறங்கியிருந்தால் போச்சு. "ஏலே, வேட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு கடைத்தெருவுக்குப் போவியாலே? மூக்க மூடு!" என்று ஒருநாள் கம்பவுண்டரை விரட்டினார். பாவம், அந்த மனுஷன் அன்று தியேட்டருக்குள்ளேயே வரவில்லை. வாசலில் நின்று சும்மா எட்டிப் பார்த்தவர்.

மருக்களைச் சுட்டு எடுக்க லேசர் கருவி வந்ததும் சண்டை முற்றியது. ஆயுத பூஜையன்று கருவியை வராந்தாவில் நிறுத்தி, சந்தனம் வைத்து, சாம்பிராணி போட்டோம். கண் எரியும் அளவுக்குப் புகை. நேரம் பார்த்து அவர் வந்துவிட்டார். நாங்கள் ஒடுங்கி நின்றோம். அவரோ ஆழமாக மூச்சை இழுத்து, "இது எவ்வளவு வேணும்னாலும் போடுங்க. இதுல வைரஸ் கிடையாது" என்றார்.

லேசர் புகையில் உண்டு என்பது அவர் வாதம். மரு வைரஸால் வருவது. அதைச் சுடும்போது புகையோடு வைரஸும் எழும்பலாம், இழுத்தால் நம் தொண்டையிலேயே மரு முளைக்கலாம், சாதா முகமூடி அதைத் தடுக்காது என்பார். சுடும் இடத்துக்குப் பக்கத்திலேயே குழாயைப் பிடித்துப் புகையை உறிஞ்சிவிட வேண்டும். ஆனால் லேசரோடு வந்த அந்த உறிஞ்சும் மெஷின் மாவு மில் மாதிரி இரையும். எங்கள் சர்ஜனுக்கோ டேப்ரிக்கார்டரில் பழைய பாட்டு கேட்டால்தான் கை ஓடும்.

ஒருநாள் மரு எடுக்க ஒரு மீனவர் வந்திருந்தார். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக மூக்கு டாக்டர் ஊசி போட வேண்டும். சர்ஜன் மெஷினை அணைக்கச் சொன்னார். இவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"மெஷின் ஓடாம நான் ஊசி போட மாட்டேன்."

"என்னவே இது? புகைக்குப் பயந்தா தொழில் பண்ண முடியுமா? எனக்கு ஒண்ணும் ஆவலியே!" என்றார் சர்ஜன்.

"நீரு நிமிந்து நிக்கீரு வே. குனிஞ்சு தோலை இழுத்துப் பிடிக்கது இந்தப் பிள்ளல்லா? புகை அவ மூக்குக்குத்தான போவுது" என்று என்னைக் காட்டினார்.

மேஜையிலிருந்து மீனவர் தலையைத் தூக்கினார். "ஐயா, ரெண்டு பேரும் பைய பேசி முடிங்க. விடியலேருந்து பட்டினி. நான் வெளிய போயி ஒரு காப்பி குடிச்சிட்டு வாரேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சர்ஜன் சிரிக்கவில்லை.

"நாளையிலருந்து நீரு இங்கன வர வேண்டாம்."

"சரி வே. இன்னைக்கு மெஷின் ஓடட்டும்."

ஓடியது. மறுநாளிலிருந்து அவரைக் கூப்பிடவில்லை. அவருக்கு அதிக வேலை கொடுத்தது எங்கள் ஆஸ்பத்திரிதான். அது அவருக்கும் தெரியும்.

புதிதாக வந்த மயக்க டாக்டர் பரம சாது. சர்ஜன் பாட்டைப் போட்டார். கையுறை மாட்டுமுன் நான் போய் மெஷின் சுவிட்சைத் தட்டினேன்.

"ஏம்மா, அந்த ஆளு ஒன்னையும் கெடுத்துட்டாரா?"

"ஆமா சார்" என்றேன். மெஷினை அணைக்கவில்லை. சர்ஜன் என்னை முறைத்துவிட்டு, பாட்டை நிறுத்தினார்.

என் தொண்டைக்கு இன்றுவரை ஒன்றும் வரவில்லை. அது அவரால்தானா என்று அறுதியிட்டுச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் நான் இழுக்கிற மூச்சுக்காகத் தன் பிழைப்பை விட்டுக்கொடுத்துச் சண்டை போட, அவருக்கு முன்னும் பின்னும் எனக்கு ஒருவரும் வாய்க்கவில்லை.