நல்லெண்ணெய் பட்ட வால்வு

டேங்க் வால்வின் வாயில் நல்லெண்ணெய் தடவிச் சந்தனமும் வைத்து முடித்த பிறகுதான், கோவர்த்தனனுக்குப் பயிற்சி வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது.

கார்வேட்டிநகரத்தில் போர்வெல் வண்டியில் வேலை பார்த்தபோது, ஆயுத பூஜை என்றால் எந்த இயந்திரத்துக்கும் எண்ணெய் வைத்துத்தான் கும்பிடுவான். இன்றும் ஆயுத பூஜை, பழகிய கை சும்மா இருக்கவில்லை. இப்போது இருப்பதோ திருப்பதி ஸ்கூபா பயிற்சி நிலையம். திருப்பதியில் கடல் ஏது என்று யாரும் கேட்கக் கூடாது. கழுத்தளவு நீச்சல் குளம் இருக்கிறது. அதில் முங்குகிறவர்களுக்கு, ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் சுவாசிக்கும் நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று, ஸ்பெஷலாகத் தரப்படும். அதற்காகச் சுத்த ஆக்சிஜனை அழுத்தத்தோடு டேங்கில் ஏற்றும்போது, வால்வில் துளி எண்ணெய் இருந்தாலும் தீப்பற்றிக்கொள்ளும்.

“வெள்ள மீட்புக் குழுத் தலைவரு சித்தூர்லருந்து வந்துக்கினு இருக்காரு. நைட்ராக்ஸுதான் வேணுமாம்,” என்றாள் வரவேற்பில் இருக்கும் கௌசிகா. “ஆக்சிஜனுக்குன்னு சுத்தம் பண்ணி வச்சது அந்த ஒரே டேங்குதாண்ணா.”

“தொடச்சிட்டாப் போச்சு!”

கையில் கிடைத்த துணியால் அழுத்தித் துடைத்தான். அது பைக் செயின் துடைத்த துணி. எண்ணெய் இருந்த இடத்தில் இப்போது கிரீஸ்.

பைக்கிலிருந்து பெட்ரோல் பிடித்து வந்து கழுவினான்.

“அண்ணா, வெடிக்காமப் போயிடப்போவுதுன்னு பயந்துக்கினு பண்றியா?”

கிரீஸ் போனது. அறையெல்லாம் பெட்ரோல் நாற்றம். பாத்திர சோப்புப் போட்டுத் தேய்த்தான். நாற்றம் அப்படியே இருக்க, நுரை வால்வுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நாற்றத்தை மறைக்கப் புகையப் புகையச் சாம்பிராணி தூக்கிக்கொண்டு வந்தான். கௌசிகா அலறிக்கொண்டே அதை வாசலிலேயே பிடுங்கிக் குளத்தில் வீசினாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி ஹரிபாபு வந்து சேர்ந்தார்.

“ஏமி வாசன இதி? சரி சரி, தலைவரோட காரு வாசல் கேட்டுக்கு வந்திடுச்சி. ஆக்சிஜனத் தொற!”

கோவர்த்தனன் குமிழில் கை வைத்தான். வீட்டில் கைக்குழந்தை. வேலை போனால் அதற்குப் பால் இல்லை. குமிழைத் திறந்தால் அப்பனே இல்லை. நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டான்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் ஹரிபாபு சுவருக்கு அந்தப் பக்கம் போயிருந்தார். பாதுகாப்பைப் பற்றி மணிக்கணக்கில் வகுப்பெடுப்பவர், இன்று செய்முறை விளக்கமும் கொடுத்துவிட்டார்.

“நாளையிலருந்து வேலைக்கு வராத!” என்று அங்கிருந்தே கத்தினார். “போறதுக்கு முன்னாடி ரொப்பிட்டுப் போ!”

“நீங்களே வந்து தொறங்க சார். நான் எம்புள்ள மூஞ்சப் பாக்கணும்.”

“எவனாவது தொறந்துதான்டா ஆவணும்! நைட்ராக்ஸ் இல்லன்னா அவரு என் சென்டரையே மூடிடுவாரு!”

தலைவரின் டிரைவர் பழனி அவசரமாக உள்ளே வந்தான். யாரையும் கேட்காமல் டேங்கைத் தூக்கிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

“அப்பாடா, இன்னும் ரொப்பல! போன வாட்டி ரொப்பினத மாட்டிக்கினு கனம் தாங்காம மல்லாக்க வுழுந்துட்டாரு சார். இப்பிடியே காலியாக் குடுங்க, தலைவருக்கு நீச்சலே தெரியாது, ஃபிளெக்ஸ் பேனருக்குப் போட்டோ மட்டுந்தான்!”