ஆறு நாற்காலி, ஆறு எழுத்து

“ஓர் எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இருக்குறத வெச்சே மாத்திப் போடணும்.”

கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலம் வரும் பஸ்ஸில், என் முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது இது. அவர் மடியில் நாளிதழின் சொல் புதிர் விரிந்திருந்தது.

“ராதாவக் கலைச்சா தாரா. ராதாவே திரும்ப வந்தா சேராது. கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்குது தெரியுமா? யோசிக்கவே யோசிக்காது. ரெண்டு சொல்லையும் அகர வரிசைல அடுக்கும். ஒரே மாதிரி நின்னா ரெண்டும் ஒரே கூட்டம்.”

‘யோசிக்கவே யோசிக்காது’ என்றபோது அவர் குரலில் ஒரு மரியாதை இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து, பீங்கான் தொழில் உதவி அலுவலகத்தில் அதே முகத்தைப் பார்த்தேன். புதிய அதிகாரி கோகுலகிருஷ்ணன். பொறுப்பேற்ற ஒரு மாதத்தில் மாபெரும் நிர்வாகச் சீரமைப்பை நிறைவேற்றியிருந்தார். தினமும் பதினோரு மணிக்கு மணி அடிக்கும். ஊழியர்கள் ஆறு பேரும் எழுந்து நாற்காலி மாற வேண்டும். யாரும் புதிதாகச் சேர்க்கப்படவில்லை, யாரும் நீக்கப்படவில்லை, வரிசை மட்டுமே புதிது. ஆகவே அலுவலகமும் புதிது என்று சுவரில் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. அதிகாரியின் நாற்காலி மட்டும், பொது நலன் கருதி, இடம் மாறாது.

பொம்மைக்கு வண்ணம் பூசும் பயிற்சிக்கு மனுவோடு நான் நின்றேன். எனக்கு முன்னால் அருக்காணியக்கா. அவர் செய்த ஆயிரம் அகல் விளக்குகள் சுடாமல் கிடந்தன. பொதுச் சூளையில் ஒரு நாள் கிடைக்க வேண்டும். கார்த்திகைக்கு இன்னும் பன்னிரண்டே நாள்.

“போன மாசமே மனு குடுத்தேங்க” என்றார்.

“போன மாசம் இங்க யாரு இருந்தாங்களோ! நேத்து நான் தபாலு, இன்னிக்குச் சூளை” என்றார் எழுத்தர் உலகநாதன். “புதுசா குடுங்க.”

“இதோ, அதுவும் கொண்டாந்திருக்கேன்.”

உலகநாதன் குழம்பிப்போய், கோப்பிலிருந்த பழைய மனுவையும் எடுத்து, இரண்டையும் அதிகாரியிடம் கொண்டுபோனார். அதிகாரி தாள்களைப் பிரித்து அகர வரிசையில் அடுக்கினார். ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம், மனு, வரி ரசீது. இரண்டு கட்டும் ஒரே மாதிரி நின்றன.

“பாருங்கம்மா. இது புது மனுவே இல்ல. பழைய மனுவக் கலைச்சு அடுக்கியிருக்கீங்க.”

“அப்ப பழசுலயே கையெழுத்துப் போடுங்க சார்.”

“அது நிலுவையில இருக்குது.”

“மழ வந்தா பச்ச வெளக்கு கரைஞ்சிடுங்க. வூடு வேற ஒழுவுது.”

“கரைஞ்சாலும் அதே மண்ணுதானேம்மா? ஒண்ணும் குறையாது.”

அருக்காணியக்கா தன் மனுவைத் திரும்ப வாங்கியபோது மணி அடித்தது. எழுந்தது ஐந்து பேர்தான். ஐந்து பேரும் மாறி உட்கார்ந்த பிறகு சூளை ஒதுக்கீட்டு நாற்காலி காலியாக இருந்தது.

அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. “ஓர் எழுத்து குறையுதே!”

“மகேஸ்வரி மேடம் சார். வேப்பூர்ல கல்யாணம்னு காலைலேர்ந்தே வரல” என்றார் உலகநாதன். அதுவரை யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

“ஆறு இல்லேன்னா இது அலுவலகமே இல்லய்யா!” அதிகாரி சுற்றிலும் பார்த்தார். “அம்மா, நீங்க போயி அதுல உக்காருங்க. வேலை ஒண்ணும் பாக்க வேணாம். எண்ணிக்கை சரியா இருந்தாப் போதும்.”

“வெளியாளு சார்…”

“தற்காலிக எழுத்துய்யா.”

அருக்காணியக்கா முந்தானையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு, நுனியில் உட்கார்ந்தார். எதிரே முத்திரை, மை டப்பா, ஒதுக்கீட்டுப் புத்தகம். மற்ற ஐந்து பேரும் புது மேசையில் தங்கள் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் தன் மனுவை எடுத்தார். வியாழக்கிழமை என்று எழுதினார். முத்திரையைக் குத்தி அதிகாரி மேசைக்கு அனுப்பினார். முத்திரை சரியான கட்டத்தில் விழுந்திருப்பதைப் பார்த்து அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

வரிசைக்கே சந்தோஷம் தாங்கவில்லை. “இனிமே கவல இல்ல. நம்ம ஆளு உள்ள இருக்குது” என்றார் என் பின்னால் நின்ற சுப்புராயன். “நீட்டு பாப்பா, நீட்டு.”

நான் தயங்கித் தயங்கி என் மனுவை நீட்டினேன்.

அருக்காணியக்கா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது.

மேசை மேலிருந்த ‘உணவு இடைவேளை’ பலகையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.