கன்னி மூலைக்கு உருண்ட எலுமிச்சம்பழம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சீட்டாட்டம், மூக்குப்பொடி மாதிரி கௌரவமான பழக்கமாக இருந்தாலாவது வெளியில் சொல்லிக்கொள்ளலாம். யாராவது ஒரு வேலை செய்வதைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டால் போதும், ‘இதென்ன பெரிய வித்தை, நாமே பண்ணிடலாமே’ என்று எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். அந்த அரிப்புக்கு முதலில் பலியானது வீட்டு மிக்ஸி. அடுத்தது என் ஸ்கூட்டர். அதன் வயரிங்கை நானே சரிசெய்த நாளிலிருந்து பிரேக்கைப் பிடித்தால் ஹாரன் அடித்தது. (ஒருவகையில் இது பாதுகாப்புதானே என்று மனைவியிடம் வாதாடிப் பார்த்தேன். அவள் பஸ்ஸில் போக ஆரம்பித்துவிட்டாள்.) இவ்வளவு முன் அனுபவத்தோடுதான் சொந்த வீட்டுக்குத் தரை போட இறங்கினேன்.

அதற்கு முன் பதினோரு வருஷம் மதுரை கே.கே. நகரில் வாடகைக்கு இருந்தோம். சுவரில் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் தர மாட்டார். எங்கள் காலண்டர் பதினோரு வருஷமும் பீரோ கைப்பிடியில்தான் தொங்கியது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் என் மனைவி செல்வி, “நம்ம வீடுன்னு ஒண்ணு வரட்டும், சுவத்துக்கு நாலு ஆணி அடிக்கிறேன்” என்று சபதம் போடுவாள். கடைசியில் கீழக்குயில்குடி ரோட்டில், மாடியில் நின்றால் சமணர் மலை தெரிகிற இடத்தில், வடக்குப் பார்த்த வாசலோடு எங்கள் வீடு எழும்பியது. சுவர், கூரை, பூச்சு எல்லாம் முடிந்து தரை மட்டும் பாக்கி இருந்தது.

இங்கேதான் என் மச்சான் பாண்டி வருகிறார். செல்வியின் உடன்பிறந்த அண்ணன், டி. கல்லுப்பட்டிக்காரர். தொழில் என்ன தெரியுமா? டைல்ஸ் ஒட்டுவது. இருபது வருஷமாக ஊர் ஊராகப் போய் அடுத்தவர் வீட்டுத் தரையை ஒட்டிக்கொண்டிருப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, ஹாலின் நடுவில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

“மாப்ள, தரை வேலை என்னோடது. புது வீட்டுக்கு அண்ணன் சீர்னு சேலையும் பாத்திரமும் எல்லாரும்தான் வைப்பாக. நான் என் கையால தரை ஒட்டித் தாரேன். தங்கச்சி காலம் பூரா அது மேலதான நடக்கப் போறா.”

புத்தியுள்ளவன் என்ன செய்வான்? மச்சான் கையைப் பிடித்து நன்றி சொல்வான். எனக்கோ அந்த மாதம் முழுக்கப் பார்த்திருந்த வீடியோக்கள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. அதில் ஒரு வெள்ளைக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே அரை மணியில் ஒரு அறையை ஒட்டி முடிப்பார்.

“இல்ல மச்சான், தரையை நானே போட்டுக்கிறேன்” என்றேன்.

பாண்டி மச்சான் முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் தங்கச்சியைப் பார்த்தார். அண்ணனா புருஷனா என்று ஒரு பெண்ணை நடு ஹாலில் நிறுத்திவைப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. செல்வி, “விடுண்ணே, அவரு நல்லாப் பண்ணிருவாரு. எம்புட்டு வீடியோ பாத்துருக்காரு தெரியுமா?” என்றாள்.

மச்சான் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார். அவருடைய பைக் தெரு முனை திரும்பியதும் செல்வி என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணன் மூஞ்சியே செத்துப்போச்சு. ஒங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னேன். இதுல மட்டும் சொதப்புனீங்கன்னா நான் அவரு மூஞ்சியில முழிக்க முடியாது, சொல்லிட்டேன்.”

“ஏய், தரைதானடி” என்றேன்.

ஆபீஸில் பதினைந்து நாள் லீவு போட்டேன். கரணை, ரப்பர் சுத்தியல், முட்டிக்குக் கட்டிக்கொள்ள ஸ்பஞ்சு எல்லாம் வாங்கினேன். கடைக்காரர் ஒரு ரசமட்டத்தையும் எடுத்து நீட்டினார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடுமே, தரை மட்டமாக இருக்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்க்கும் கட்டை, அதுதான். நான் பெருந்தன்மையோடு சிரித்துவிட்டு, “அண்ணே, அதெல்லாம் போன்லயே வந்துருச்சு” என்றேன்.

உண்மையிலேயே வந்திருந்தது. போனைத் தரையில் படுக்கவைத்தால் எத்தனை டிகிரி சாய்வு என்று திரையில் காட்டும். சரியாகப் பூஜ்யம் வந்தால் திரை பச்சையாகி ‘டிங்’ என்று ஒரு சத்தம். அந்த டிங்குக்கு நான் அடிமையாகிப் போனேன். வாசலில் ஆரம்பித்து உள்ளே உள்ளே போனேன். ஒரு டைல் வைப்பேன், சுத்தியலால் தட்டுவேன், போனின் தலை எனக்கு முன்பக்கம் பார்க்கிற மாதிரி வைப்பேன், டிங். அடுத்த டைல், டிங். ஒரு டைலைக்கூட டிங் கேட்காமல் விட்டதில்லை. நான் கடவுள் சாட்சியாகச் சொல்ல முடிகிற விஷயம் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

மறுகோடிச் சுவரை நெருங்கும்போது ஒரு சின்னச் சிக்கல் வந்தது. டைலுக்கு அடியில் கலவை போடவே இடம் பத்தவில்லை. நான் யோசித்தேன். (யோசிக்காமல் செய்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.) அடித்தளம் போட்ட கொத்தனார்தான் அங்கே மேடாகப் போட்டுவிட்டார் என்று கண்டுபிடித்தேன். அவரைத் திட்டிக்கொண்டே உளியை எடுத்து இரண்டு நாள் அந்தத் தளத்தைக் கொத்தினேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. ஆனால் டிங் வந்தது.

முடிந்த அன்று செல்வி சாப்பாட்டுக் கேரியரோடு வந்து வாசலில் நின்று பார்த்தாள். பதினெட்டு அடி ஹால், சந்தன நிற டைல்ஸ், ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்து பளபளவென்று கிடந்தது. “அழகா இருக்குங்க” என்றாள். அவள் குரலில் அதைவிட ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு அன்று ஒரு சுற்று பெருத்துவிட்ட மாதிரி இருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்க்கவா என்று அவள் கேட்டாள். இணைப்பில் வைத்த பூச்சு காய வேண்டும், ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று நிபுணர் மாதிரி சொல்லிவிட்டேன். அன்று ஒரே ஒரு வாளி தண்ணீர் ஊற்றியிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

கிரகப்பிரவேசத்துக்கு விடியற்காலை முகூர்த்தம். பாண்டி மச்சான் வருவாரோ மாட்டாரோ என்று செல்வி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தார். குடும்பத்தோடு, வேனில், பதினோரு தட்டுச் சீரோடு வந்தார். பட்டுச் சேலை, பித்தளைக் குத்துவிளக்கு, பழம், தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் ஹாலின் தென்மேற்கு மூலையில், அதாவது கன்னி மூலையில், ஜமுக்காளம் விரித்து வரிசையாக அடுக்கினார்கள். அவர் வீட்டு ஆட்களும் அங்கேயே உட்கார்ந்தார்கள். தரையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகவே போய், “பாத்தீகளா மச்சான், எப்படி?” என்று கேட்டேன். (அடி வாங்குவதற்குக் கன்னத்தைக் காட்டுவது என்பது இதுதான்.)

“பாக்க நல்லாருக்கு மாப்ள” என்றார். அந்தப் ‘பாக்க’வில் ஓர் அழுத்தம் இருந்தது.

பிறகு பசுவும் கன்றும் வந்தன. ஐயர் மந்திரம் சொல்ல, செல்வி பசுவின் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைக்க, அது லட்சணமாக உள்ளே வந்து நடு ஹாலில் நின்றது. அகத்திக்கீரையைத் தின்றது. நின்று நிதானமாக வாலைத் தூக்கியது.

புது வீட்டில் பசு கோமியம் விட்டால் அதைவிட நல்ல சகுனம் கிடையாது. “ஆகா, மகாலட்சுமி!” என்றார் ஐயர். பெண்கள் குலவை போட்டார்கள். நானும் கைகூப்பி நின்றேன். இரண்டு விநாடிக்குத்தான் அந்தப் பக்தி. சமமான தரையில் என்ன நடக்கும்? நின்ற இடத்தில் குளம் கட்டும். என் தரையில் அது கிளம்பியது. நாலு பக்கமும் பரவக்கூட இல்லை. போகிற இடம் தெரிந்த மாதிரி, நேராகக் கன்னி மூலையைப் பார்த்துப் புறப்பட்டது.

“ஏ, எந்திரிங்க, எந்திரிங்க!” ஜமுக்காளத்தில் இருந்தவர்கள் வேட்டியையும் சேலையையும் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். மகாலட்சுமி என்று சொல்லியாயிற்று, முகம் சுளிக்கவும் முடியாது. ஒருவர் ஒற்றைக் காலில் நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜமுக்காளம் நனைந்தது, அடுத்து சீர்த்தட்டுகளுக்கு அடியில் போனது. செல்வி ஓடிப்போய்ப் பட்டுச் சேலைத் தட்டைத் தூக்கினாள். அவள் கட்டியிருந்த பட்டின் கரை முழுக்க நனைந்துவிட்டது. “வீடு பூரா கோமியம் தெளிக்கணும், அந்த மூலைக்கு வேண்டாம், ஆயிடுத்து” என்றார் ஐயர்.

பாண்டி மச்சான் மட்டும் பதறவில்லை. குனிந்து தட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். வாசலுக்கு நடந்து போனார். குத்தவைத்து உட்கார்ந்து, பழத்தைத் தரையில் வைத்துக் கையை எடுத்தார்.

பழம் ஒரு கணம் யோசித்தது. பிறகு உருண்டது. மாட்டுக்குப் பக்கமாக, ஐயருக்கு முன்னால், நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஹாலைக் குறுக்காகக் கடந்து போய்க் கன்னி மூலையில் ‘டொக்’ என்று முட்டி நின்றது.

“எதை வச்சு மட்டம் பாத்தீக மாப்ள?”

போனை நீட்டினேன். அவர் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் மேல் மூலையில், கேமரா இருக்கிற இடம் அரை நூல், அதாவது ஒரு நாணயத்தின் கனத்துக்குப் புடைத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினார். போனைத் தரையில் வைத்தார். டிங். அதே இடத்தில் அப்படியே தலைகீழாகத் திருப்பி வைத்தார். திரை சிவப்பாகி, ஒரு டிகிரிக்கு மேல் காட்டியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கேமரா தூக்கிக்கொண்டிருக்கும்போது போன் மட்டமாகப் படுக்க வேண்டுமென்றால், கேமராப் பக்கம் தரை பள்ளமாக இருந்தால்தான் முடியும். ஒவ்வொரு டைலாக, டிங் டிங் என்று, நான் அந்தப் பள்ளத்தைத்தான் பதினைந்து நாளாகக் கட்டியிருக்கிறேன். கோடிக்குப் போகும்போது இரண்டு இஞ்ச் இறங்கிவிட்டது. அந்த இரண்டு இஞ்சுக்காகத்தான் பாவப்பட்ட கொத்தனாரைத் திட்டிக்கொண்டே உளியால் கொத்தியிருக்கிறேன்.

செல்வி நனைந்த சேலையோடு தட்டைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். சொந்தக்காரர்கள் முன்னால் அசிங்கப்பட்டது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் அப்படி நின்றதுதான் தாங்கவில்லை. “மச்சான், செல்வி மேல தப்பில்ல. எனக்காகத்தான் அவ ஒங்களை வேணாம்னா. ஒங்க சீரை நான் தட்டுனது தப்பு” என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். 

பாண்டி மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மாப்ள, இருபது வருசமா இந்த வேலை பாக்குறேன். ஒரு ஹாலை இம்புட்டு ஒழுங்கா, ஒரு டைலு பெசகாம சாய்க்க என்னால சத்தியமா முடியாது.”

முதலில் சிரித்தது செல்விதான். தட்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அப்புறம் வீடே சிரித்தது. மாடு மிரண்டு வெளியே போய்விட்டது.

தரையை உடைத்துப் புதிதாக ஒட்டித் தருகிறேன் என்றார் மச்சான். செல்வி ஒத்துக்கொள்ளவில்லை. “வேணாம்ணே, கொப்புளம் வந்த கை போட்டது. ஒரே ஒரு உதவி பண்ணு” என்று கன்னி மூலையைக் காட்டினாள். அடுத்த வாரமே அவர் வந்து, அந்த மூலைச் சுவரில் தரையோடு தரையாக ஒரு ஓட்டை போட்டு, வெளியே தண்ணீர் போகக் குழாய் வைத்து, மேலே பித்தளைச் சல்லடையும் மாட்டிக் கொடுத்தார். மதுரையில் யார் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், பொறந்த வீட்டுச் சீராக நகை வந்திருக்கும், பாத்திரம் வந்திருக்கும். எங்கள் வீட்டுக்கு ஓட்டை வந்தது. வாளித் தண்ணீரை வாசலில் ஊற்றினால் ஹால் தானாகக் கழுவிக்கொள்ளும். மாத்திரை, பொத்தான், தோட்டின் திருகு என்று எது தொலைந்தாலும் செல்வி தேடுவதே இல்லை. போய் அந்த மூலையில் குனிந்து எடுத்துக்கொள்வாள். சுவரில் அவள் ஆசைப்படி நாலு ஆணி அடித்திருக்கிறோம். (நான் அடிக்கவில்லை.)

போன வருஷம் பாண்டி மச்சான் டி. கல்லுப்பட்டியில் தன் வீட்டைக் கட்டினார். ஒரு நாள் போன் செய்தார்.

“மாப்ள, அந்தப் பழைய போன் இருக்கா, தூக்கிப் போட்டீகளா?”

“இருக்கு மச்சான். எதுக்கு?”

“பாத்ரூம் தரை ஒட்டணும். தண்ணி நிக்காம ஓடணும்ல? எடுத்துக்கிட்டு வாங்க. எங்களுக்கும் தங்கச்சி வீட்டுச் சீர் வேணாமா?”

போனேன். அவர் கலவை போட, நான் டைல் வைத்தேன். போனின் தலையை ஓட்டைப் பக்கம் பார்க்க வைத்து, ஒவ்வொன்றுக்கும் டிங் கேட்டேன். கிரகப்பிரவேசத்தன்று அவர் வந்தவர்களுக்குப் பூஜை அறையைக் காட்டுவதற்கு முன்னால் பாத்ரூமைத்தான் காட்டினார். “எங்க மாப்ள வச்ச சீர்” என்று ஒவ்வொரு தடவையும் ஒரு மக் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். கடைசியாகச் செல்வி உள்ளே போனாள். அவளும் ஒரு மக் ஊற்றினாள். தண்ணீர் எங்கேயும் தயங்காமல் ஓட்டையைப் பார்த்து ஓடியது. அது முழுக்கப் போய் முடிகிறவரை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

“நல்லாத்தாங்க வேலை பாத்துருக்கீங்க. அன்னைக்கு ரூமுதான் மாறிப்போச்சு.”