மூன்றாம் பாகம் காணாமல் போன வகைக்கு

உத்தமபாளையம்

அன்பு மகள் அபிதாவுக்குப் பெரியம்மா மெகருன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும், என் வீட்டுக்காரரான உன் பெரியத்தாவும், கட்டுப் போட்ட என் வலது காலும் நலம். சென்னையில் உன் உடம்பும் வேலையும் நல்லபடி இருக்க துஆச் செய்கிறேன். போனில் சொன்னால் நீ சிரித்தே என் நன்றியைக் கெடுத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

சின்னமனூரில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கணுக்கால் முறிந்து, ஆறு வாரம் தரையில் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்ல, முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்த நானே உட்கார வேண்டியதாயிற்று. அந்த வாரம்தான் நீ அனுப்பிய சுவீடன் துப்பறியும் நாவல்கள் ஐந்து பாகமும் வந்து சேர்ந்தன. தமிழில் பெயர்த்தவர் கை நோகாமல் இருக்கட்டும். வெளியே வெயில் கொளுத்த, எனக்கு முழங்கால்வரை பனி. கதையில் துப்பறிகிற இன்ஸ்பெக்டர் அம்மாள் காபியைக் கையில் பிடித்துக்கொண்டு யோசிக்கும்போதெல்லாம் நானும் போர்வையை இழுத்துக்கொண்டேன். உரக்கடையிலிருந்து சாப்பிட வந்த உன் பெரியத்தா அட்டையைப் பார்த்துவிட்டு, “வேல இல்லாதவுக படிக்கிற புஸ்தகம்” என்றார்.

மூன்றாம் பாகத்தில், ஏரிக்குள்ளிருந்து ஒரு காரை வெளியே இழுக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கிவிட்டேன். எழுந்தால் கண்ணாடி இருக்கிறது, புத்தகத்தைக் காணோம். வீட்டுக்குள் வருவது இரண்டே பேர். ஒருவர் புத்தகமே தொடாதவர். மற்றவர் அடுத்த வீட்டு மொக்கம்மாள். நான் விழுந்த நாளிலிருந்து இட்லியும் கைத்தாங்கலும் தந்தவர். இன்ஸ்பெக்டர் அம்மாள் நெருங்கியவர்களைத்தான் முதலில் விசாரிப்பாள், நானும் விசாரித்தேன். மொக்கம்மாள் தட்டைக் கீழே வைத்தார்.

“டீச்சர், எனக்கு பஸ்ஸு போர்டு கூட்டிப் படிக்கங்குள்ள பஸ்ஸு போயிரும். உங்க புஸ்தகத்தத் தூக்கி நான் என்ன செய்யப் போறேன்?”

அதன்பின் மூன்று நாள் அவர் வரவில்லை. உன் பெரியத்தா கிண்டிய உப்புமாவைத் தின்றேன். அது தண்டனையில் பாதி. மீதிப் பாதி, மொக்கம்மாள் வராத வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது உன் பெரியத்தா தானாகச் சொன்னார்: “அந்த ஊர்ல மத்தியானம் மூணு மணிக்கே இருட்டிருதாம்ல.”

பேப்பரில் ஏலக்காய் விலையைத் தவிர வேறெதையும் படிக்காத மனிதர். “யாரு சொன்னாக?” என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே ஒப்புக்கொண்டார்: புத்தகத்தை எடுத்தவர் அவர்தான். கடையில் யூரியா மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்திருக்கிறார்.

“அப்படிப் பேசுன வாயால எப்படிக் கேக்குறது, மெகரு?”

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு: “கார்ல யாரு இருந்தா?”

“அவசரப்படாத. நீயே படி” என்றார்.

பிறகு அவரே அடுத்த வீட்டுக்குப் போய், “தப்பு எம்மேலதேன்” என்று ஒப்புக்கொள்ள, நான் ஜன்னல் வழியாக மன்னிப்புக் கேட்டேன். “அப்படி என்னதேன் இருக்கு அதுல? எனக்கும் வாசிச்சுக் காட்டுங்க” என்றபடி மொக்கம்மாள் வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து மதியம் ஒரு மணி நேரம் கடையைச் சாத்திவிட்டு உன் பெரியத்தா வாசிக்கிறார். வாயில் நுழையாத பெயர்களை, எனக்கே சரியான உச்சரிப்புத் தெரியாமல், நான் திருத்துகிறேன். நான்காம் பாகத்தில் இரண்டாவது அத்தியாயத்திலேயே மொக்கம்மாள், “மச்சினன்காரன்தேன்” என்றார். எப்படி என்று கேட்டோம். “சாவு விழுந்த கேத வீட்டுல ரெண்டாந்தரம் கேக்கு வாங்கித் திங்கிறான் பாருங்க.” நானூறு பக்கம் கழித்து இன்ஸ்பெக்டர் அம்மாளும் அங்கேதான் வந்து சேர்ந்தாள்.

கலியாணமான இத்தனை வருடத்தில் எங்கள் பேச்சு கரண்ட் பில்லோடும் குழம்பில் உப்போடும் முடிந்துவிடும். இப்போது சோறு ஆறும்வரை யார் பொய் சொல்கிறார் என்று வாதாடுகிறோம். கால் ஒடிந்ததற்கும் அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வைத்துவிட்டாய், மகளே. துப்பறிகிற வேலையை நான் அடியோடு விட்டுவிட்டேன். இந்த வீட்டில் இனி யாரையும் சந்தேகப்பட மாட்டேன்.

உன் அம்மாவுக்கு என் ஸலாம். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் சீக்கிரமாக ஒரு வாரம் லீவும் தரட்டும்.

உன் பெரியம்மா,
மெகருன்னிசா

பி.கு: நேற்று இந்தக் கடிதத்தை நான்காக மடித்து வைத்தேன். இன்று மூன்றாக மடிந்திருக்கிறது. சந்தேகம் பற்றி மேலே எழுதிய வரியை அடித்துவிட்டு வாசிக்கவும். விசாரணை இன்று மதியம்; மொக்கம்மாளையும் வரச் சொல்லியிருக்கிறேன்.