மாமனாரின் பறவைகளும் ஓர் ஆச்சரியக்குறியும்

புகுந்த வீட்டில் நல்ல பெயர் வாங்கச் சுலபமான வழி சமையல். எனக்கு அந்த வழி முதல் வாரமே அடைபட்டுவிட்டது. நான் வைத்த ரசத்தைச் சாதத்தில் பிசைந்து சாப்பிட்ட என் மாமியார், "குழம்பு நல்லாருக்கும்மா" என்றார். (பாராட்டுதான். ஆனால் அது ரசம்.) ஆகவே, எனக்குத் தெரிந்த ஒரே வித்தையான கம்ப்யூட்டரை வைத்துப் பெயர் வாங்குவது என்று முடிவு செய்தேன். வாங்கவும் வாங்கினேன். அந்தப் பெயர் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

அப்போது மேற்கு மாம்பலத்தில் மாமனார், மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்தோம். என் கணவருக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. நான் ஒரு மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தேன். அதாவது, மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே தப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள் என்பதைக் கதையின் முடிவுவரை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாமனாரை மாமா என்றும் மாமியாரை அத்தை என்றும் கூப்பிடுவேன். மாமா தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரார் பேசுவதற்கெல்லாம் வயர் இழுத்துக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் பேசாமலே இருந்துவிட்ட மனிதர். அவருக்கு இருந்த ஒரே பித்து பறவைகள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு பஸ் பிடித்துப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய்விடுவார். வெயில் ஏறியதும் செருப்பெல்லாம் சேறாக, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வருவார். என்ன பார்த்தார் என்று சொல்ல மாட்டார். நாங்களும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவரை, அவரோடு காலையில் பூங்காவில் நடக்கும் நண்பர்கள், பறவைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். தி. நகரில் ஒரு நூலகத்தின் மாடி ஹால், சனிக்கிழமை காலை பதினோரு மணி. மாமா எப்படியோ தலையாட்டிவிட்டார். பிறகு இரண்டு மாதம் அதே வேலை. எண்பத்து நான்கு படங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பறவையின் குரலையும் பதிவு செய்து, எந்தப் படத்துக்கு என்ன பேசுவது என்று சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி, குளியலறைக்குள் போய்ப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரச்சினை அவருடைய லேப்டாப். அதற்கு வயது ஒன்பது.

"ஆன் பண்ணிட்டு, குளிச்சிட்டு, சாமி கும்பிட்டுட்டு வந்தா ரெடியா இருக்கும்மா" என்று மாமா அதைப் பெருமையாகவே சொன்னார். அது ஒரு வியாழக்கிழமை. நான் லீவில் இருந்தேன். என் நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைத்தேன்.

"மாமா, இதுல லினக்ஸ் போட்டுடலாம்."

"அப்படின்னா?"

"கம்ப்யூட்டரை இயக்கற மென்பொருள். இப்ப இருக்கிற பழசை எடுத்துட்டு அதைப் போடணும். இலவசம். பழைய மிஷின்லகூடப் பறக்கும்."

'பறக்கும்' என்ற சொல்லில் மாமா விழுந்துவிட்டார். சமையலறையிலிருந்து அத்தை மட்டும், "சனிக்கிழமை பேச்சை வச்சுக்கிட்டு வியாழக்கிழமை எதுக்கும்மா அதுல கை வைக்கணும்?" என்றார். ரசத்துக்கும் குழம்புக்கும் வித்தியாசம் தெரியாதவருக்கு லினக்ஸ் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

லினக்ஸை நிறுவ ஒரு பென் டிரைவ் வேண்டும். மாமாவிடம் ஒன்று இருந்தது. அதில் அந்த எண்பத்து நான்கு படங்களின் பிரதியை வைத்திருந்தார். "லேப்டாப்லயே தனியா ஒரு பகுதில எல்லாம் பத்திரமா இருக்கு மாமா, அதை நான் தொடவே மாட்டேன். ரெண்டு காப்பி எதுக்கு?" என்று சொல்லிப் பென் டிரைவைத் துடைத்து எடுத்துக்கொண்டேன். நிறுவல் முடிந்தது. வைஃபை மட்டும் வரவில்லை. என் போனை ஒரு வயரால் லேப்டாப்போடு கோத்து, அதன் வழியாக இணையத்துக்குப் போய், அந்த வைஃபை சில்லுக்கு வேண்டிய மென்பொருளை இறக்கினேன். வைஃபை வந்தது.

லினக்ஸில் இதுதான் அழகு. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை கொடுத்தால், அதற்கென்று இருக்கும் கிடங்கிலிருந்து வேண்டிய மென்பொருளைத் தானே கொண்டுவந்து வைக்கும். அதற்குத் துணையாக என்னென்ன வேண்டுமோ அவற்றையும் சேர்த்தே கூட்டி வரும். கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் கூடவே நாலு பேர் வருவது போல. ஒருவரைப் போகச் சொன்னால் அந்த நாலு பேரும் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் என்பதை அன்று நான் யோசிக்கவில்லை.

லேப்டாப் இருபது விநாடியில் விழித்துக்கொண்டது. படங்கள் சர்ர் சர்ர்ரென்று மாறின. மாமா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வருஷ ரசமும் மன்னிக்கப்பட்டது. ஒலி வருகிறதா என்று சோதித்தாயா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். (சோதனைப் பிரிவு.)

சனிக்கிழமை ஹாலில் ஐம்பது, அறுபது பேர். பாதிப் பேர் கையில் பிளாஸ்க். முன்வரிசையில் வரதராஜன் சார் என்று ஒரு ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்வரிசையில் அத்தை, பட்டுப் புடவையில். ஹாலைப் பார்த்துக்கொள்ளும் ஏழுமலை ப்ரொஜெக்டர் வயரையும் ஆம்ப்ளிபயர் வயரையும் எடுத்துக் கொடுத்தார். லேப்டாப்பில் தெரிவதெல்லாம் சுவர் அளவுக்குப் பெரிதாகத் திரையில் தெரிந்தது. முதல் படம், கூழைக்கடா. கூட்டம் 'ஆகா' என்றது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்ற மாமா முதல் அட்டையை மேலே எடுத்தார். "இப்ப... இதோட குரலைக் கேளுங்க" என்று ஒரு பொத்தானை அமுக்கினார்.

நிசப்தம்.

மறுபடி அமுக்கினார். கூழைக்கடா எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

நான் மேடைக்குத் தாவினேன். ஏழுமலை பக்கத்தில் வந்து, "மேடம், அந்த ஆம்ப்ளிபயர்ல..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம் அண்ணே. இது சாப்ட்வேர் பிராப்ளம்."

கறுப்புத் திரையைத் திறந்தேன். அது சுவர் முழுவதும் விரிந்தது. என் போனிலிருந்து இணையம் எடுத்துத் தேடினேன். இதே தொல்லை தனக்கும் வந்ததாகவும், லினக்ஸின் வேறொரு பதிப்புக்கான கிடங்கைச் சேர்த்து அதிலிருந்து புதிய ஒலி மென்பொருளை இறக்கினால் சரியாகிவிட்டதாகவும் ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். அவர் எந்த நாட்டுக்காரர், எந்த லேப்டாப் வைத்திருந்தார், எந்த வருஷத்தில் எழுதினார் என்று பார்க்கவில்லை. அவர் கொடுத்த வரிகளை அப்படியே எடுத்து ஒட்டினேன்.

திரையில் சிவப்பாக ஏதோ வந்தது. வரதராஜன் சார் வகுப்பில் படிப்பது போல உரக்கப் படித்தார். "அன்மெட் டிபென்டென்சீஸ்! அப்படின்னா என்னம்மா? சம்பந்தி வீட்டுக்காரங்க ஒத்து வரலையா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் சார்" என்றேன்.

ஏழுமலை மறுபடி, "இன்னா மேடம், நான் இன்னா சொல்ல வரேன்னா..." என்றார்.

"அண்ணே, ப்ளீஸ்!"

புண்ணியவான் இரண்டாவதாக ஒரு வழியும் எழுதி வைத்திருந்தார். அதையும் அடித்தேன். இந்தத் தடவை ஒரு பெரிய பட்டியல் வந்தது. கீழ்க்கண்டவை எல்லாம் நீக்கப்படும் என்று சுவரின் மேலிருந்து கீழ்வரை பெயர்கள். அதன் அடியில் ஓர் எச்சரிக்கை. சார் எழுந்தே நின்றுவிட்டார். ஆங்கிலத்தில் ஒரு முறை படித்துவிட்டு, ஹால் முழுவதற்கும் தமிழிலும் பெயர்த்துச் சொன்னார்.

"'நீங்கள் தீங்கு விளையக்கூடிய ஒரு காரியத்தைச் செய்யவிருக்கிறீர்கள். மேலே தொடர வேண்டுமானால், ஆமாம், நான் சொல்வதைச் செய், என்று முழுசாக எழுதவும்.' ரொம்ப மரியாதையா கேக்குது."

"வேணாம்னுதானே சொல்லுது?" என்றார் மூன்றாம் வரிசையில் ஒரு அம்மாள்.

"சுகந்தி, அது இவ்வளவு கெஞ்சுதேம்மா" என்றார் அத்தை.

"அது சும்மா அத்தை. எல்லாத்துக்கும் இப்படித்தான் கேக்கும்." (அதுவரை என் வாழ்க்கையில் எந்தக் கம்ப்யூட்டரும் ஒரு தடவைகூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.)

ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்தை அடித்தேன். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. வேலையை நிறுத்திவிட்டேன் என்றது. ஹால் முழுவதும் மூச்சு விட்டது எனக்கே கேட்டது.

மாமா என் காதருகே குனிந்து, "விட்டுடும்மா. சத்தம் இல்லாம படத்தை மட்டும் காட்டிடறேன்" என்றார்.

அன்று அந்த ஹாலில் பேசப்பட்ட பேச்சிலேயே புத்திசாலித்தனமான பேச்சு அதுதான். அதற்கு நான் சொன்ன பதில்: "இல்ல மாமா, ஆச்சரியக்குறிதான் விட்டுப்போச்சு."

"காற்புள்ளியும் வரணும்" என்றார் வரதராஜன் சார், தன்னை மறந்து. "முதல் எழுத்து கேப்பிட்டல்."

எல்லாவற்றையும் சரியாகப் போட்டேன். ஆச்சரியக்குறியைக் கொஞ்சம் அழுத்தியே அடித்தேன்.

நீக்கப்படுகிறது, நீக்கப்படுகிறது, நீக்கப்படுகிறது என்று வரிகள் ஓடின. ஒலி போனது. படம் காட்டுவது போனது. ஜன்னல்கள், பட்டன்கள், மௌஸ் அம்பு எல்லாம் சொல்லிக்கொள்ளாமல் போயின. கடைசியில் சுவர் அளவு கறுப்பில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் மின்னி மின்னி அணைந்தது.

அந்த அமைதியில் ஏழுமலையின் குரல் தெளிவாகக் கேட்டது. "மேடம், மைக்குக்கு ஒரு திருகு, கம்ப்யூட்டருக்கு ஒரு திருகு. கம்ப்யூட்டர் திருகு ஜீரோல கீது. அத்தத்தான் அப்பலேர்ந்து சொல்லிக்கினு கீறேன்."

லேப்டாப்பில் எந்தக் குறையும் இருந்திருக்கவில்லை. நான் கை வைக்கும்வரை.

தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்று பார்த்தேன். மொசைக் தரை, அசையவில்லை. மாமா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த அட்டைகளைப் பார்த்தார். எல்லாமே 'படம் ஒன்று', 'படம் இரண்டு' என்று தொடங்குபவை. அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி நின்றார்.

"விடியறதுக்கு முன்னால பள்ளிக்கரணைக்குப் போனா," என்று மெதுவாக ஆரம்பித்தார், "ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது. பனியா இருக்கும். காதாலதான் பாக்கணும். முதல்ல தாழைக்கோழி எழுந்திருக்கும்."

இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்தார். அவர் தொண்டையிலிருந்து ஒரு தாழைக்கோழி கூப்பிட்டது. யாரோ ஒருவர் நிஜமாகவே ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். அடுத்து முக்குளிப்பான், கிலுகிலுவென்று சிரிப்பது போல. பிறகு மீன்கொத்தி. காபியில் சர்க்கரை போதவில்லை என்பதைக்கூடச் சத்தமாகச் சொல்லாத மனிதர், ஹால் அதிர அழைத்துக்கொண்டிருந்தார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அடுத்தது ஆள்காட்டி. யாராவது வந்தா முதல்ல இதுதான் காட்டிக் கொடுக்கும். இதோட குரலை வெள்ளைக்காரன் இங்கிலீஷ்ல எழுதி வச்சிருக்கான்." மாமா கழுத்தை நீட்டி, உச்சக் குரலில் கத்தினார். "டிட் யூ டூ இட்? டிட் யூ டூ இட்?"

'நீயா செய்தாய்? நீயா செய்தாய்?' என்று வரதராஜன் சார் மொழிபெயர்ப்பதற்குள் மொத்த ஹாலும் திரும்பி, மூலையில் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தது. அப்புறம் எழுந்த சிரிப்பு பாண்டி பஜார்வரை கேட்டிருக்கும். மாமா ஒரு விநாடி விழித்தார். பிறகு அவருக்கும் புரிந்து, அவரும் சிரித்துவிட்டார். ஒரு மணி நேரப் பேச்சு இரண்டு மணி நேரம் போனது. வயதானவர்கள் வரிசையில் நின்று ஆள்காட்டி மாதிரி கத்தக் கற்றுக்கொண்டு போனார்கள்.

ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போது நான் அழுதுவிட்டேன். மாமா, "படமெல்லாம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்கு மாமா. அது தனி இடத்துல இருக்கு."

"அப்ப என்ன." துரைசாமி சுரங்கப்பாதையில் ஆட்டோ நின்றபோது, "அந்த ஆள்காட்டி கடைசியில கொஞ்சம் கீச்சுன்னு போயிடுச்சில்ல?" என்றார்.

மறுநாள் லினக்ஸை மறுபடி நிறுவிக் கொடுத்தேன். இன்றும் மாமா அதைத்தான் வைத்திருக்கிறார். புதுப்பிப்புகளை அவரே போட்டுக்கொள்கிறார், ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்துவிட்டு. பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிடுகிறார்கள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போவதில்லை. என்னையும்தான்.

போன வருஷம் அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன். அன்று காலை நர்ஸ் ஒரு சம்மதப் படிவத்தோடு வந்தார். இன்னின்ன சிக்கல்கள் வரலாம் என்று நாலு பக்கத்துக்குச் சின்ன எழுத்து. மாமா கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். கட்டிலில் படுத்திருந்த அத்தை கையை ஆட்டி, "அதை சுகந்திகிட்ட கொடுங்க. ஆபத்துன்னு எழுதியிருந்தா கண்ணை மூடிக்கிட்டு சம்மதிக்கறதுக்கு நம்ம வீட்ல அவதான் ஆளு" என்றார்.

நர்ஸ் என்னைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நாலு பக்கத்தையும் ஒரு வார்த்தை விடாமல் இரண்டு முறை படித்து, மூன்று சந்தேகங்கள் கேட்டு, பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். என்னால்தான் ஆபரேஷன் அரை மணி நேரம் தாமதமானது என்று இப்போது அதையும் சேர்த்துச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.